ஒரு தளத்துக்கு ஒரு லாகின் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்வது பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி குறிப்புகள் வருகின்றன. நீளமாக வையுங்கள், தளத்துக்குத் தளம் வேறாக வையுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று. எல்லாம் சரியான அறிவுரைதான். ஆனால் அத்தனையும் வாசகரைப் பார்த்தே சொல்லப்படுகிறது. தேவையே இல்லாத இடத்தில் இரண்டாவது கணக்கையும் இரண்டாவது கடவுச்சொல்லையும் அவர் தலையில் கட்டும் தள நிர்வாகிகளைப் பார்த்து யாரும் எதுவும் சொல்வதாகத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிரல் எழுதுவது என் தொழில். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில், வெளியிலிருந்து எடுத்த ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து பொருத்தும் வேலைதான் எனக்குப் பெரும்பாலும் வரும். தளம் பல வருடங்களாக நடந்துகொண்டிருக்கும். அதற்கென்று உறுப்பினர்கள், அவர்களுக்கு ஒரு லாகின், எல்லாம் இருக்கும். உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கருத்துக்களம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு கட்டத்தில் தோன்றும். நல்ல எண்ணம். அதை அடியிலிருந்து எழுத வேண்டியதும் இல்லை. டிஸ்கோர்ஸ், பிஎச்பிபிபி என்று தயாராகக் கிடைப்பவை உண்டு. நிறுவுவதும் பெரிய பாடு இல்லை. ஆனால் அவை ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் உறுப்பினர் பட்டியலோடு வருகின்றன. தளத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆட்களைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. ஆகவே முதல் நாளே 'புதிய கணக்கு தொடங்கவும்' என்று கேட்கின்றன. நிர்வாகியிடம் கேட்டால், "இன்னொரு தடவை பதிவு செய்துகொள்ளட்டுமே, இரண்டு நிமிட வேலைதானே" என்பார்.

அந்த இரண்டு நிமிடம் என்ன செய்யும் என்று அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பாடம் நடத்தும் ஒரு தளம் அது. பெயர் வேண்டாம். மாணவர்கள் சந்தேகம் கேட்கவென்று கருத்துக்களம் ஒன்றைத் தனியாக நிறுவி, தனிப் பதிவோடு திறந்துவிட்டார்கள். புகார்கள் குவிந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். புகார்களைப் படித்தால் எல்லாம் ஒரே கதை. மாணவர் தன் வழக்கமான கடவுச்சொல்லைக் கருத்துக்களத்தில் அடித்துப் பார்க்கிறார். தவறு என்கிறது. தளத்தின் சின்னம் மேலே இருக்கிறது, நிறம் அதேதான், முகவரியிலும் தளத்தின் பெயர்தான் இருக்கிறது. அது வேறு மென்பொருள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்பதை அழுத்துகிறார். அங்கே கணக்கே இல்லாததால் மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. பிறகு எப்படியோ பதிவு செய்து, புதிய கடவுச்சொல் ஒன்றை வைத்துக்கொள்கிறார். மறுநாள் அதைக் கொண்டுபோய்ப் பாடப் பகுதியில் அடிக்கிறார். அங்கே அது தவறு. நாலைந்து தடவை முயன்றதும் பாடக் கணக்கும் பூட்டிக்கொள்கிறது. தேர்வு நேரத்தில் இது நடந்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நிர்வாகிகள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதைவிட மோசமான ஒன்றும் அங்கே நடந்தது. பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவரின் பயனர்பெயரை, அவர் பதிவு செய்வதற்கு முன்பே, வேறு யாரோ கருத்துக்களத்தில் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரில் சந்தேகங்களுக்குப் பதிலும் சொன்னார்கள். பதில்கள் தவறானவை. மாணவர்கள் நம்பிவிட்டார்கள், நம்பாமல் இருக்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. ஆசிரியை அழாத குறையாக நிர்வாகத்துக்கு எழுதிய பிறகுதான் அந்தப் பெயர் முடக்கப்பட்டது. பாடத் தளத்தின் லாகினையே கருத்துக்களத்துக்கும் இணைத்திருந்தால் இது நடக்க வழியே இருந்திருக்காது. அவர் பெயர் அவரிடமே இருந்திருக்கும்.

இனி, கடவுச்சொல் விஷயம். இரண்டு இடத்தில் கேட்டால் மனிதர்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் இரண்டு இடத்திலும் வைப்பார்கள். அதற்காக அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆனால் அந்த இரண்டு இடங்களும் ஒரே அளவு பாதுகாப்பாக இருக்காது. முக்கியத் தளத்தைக் கவனிக்க ஆள் இருப்பார். பக்கத்தில் நிறுவிய மென்பொருளின் புதுப்பிப்புகளை யாரும் போட மாட்டார்கள். உடைக்கிறவன் அங்கேதான் உடைப்பான். கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டு முக்கியத் தளத்துக்கு வருவான்.

ஓர் இடத்தில் வைத்திருக்கும்போதே கடவுச்சொல்லைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதற்குக் கணினி வரலாற்றின் ஆரம்பத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் 1960களில் உருவாக்கிய சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பில், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தினார்கள். ஆளுக்கு ஒரு கடவுச்சொல். 1966இல் ஒரு நாள், லாகின் செய்த எல்லோருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக மொத்தக் கடவுச்சொல் பட்டியலும் அவர்கள் முனையத்தில் அச்சாகி வந்துவிட்டது. நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அறிவிப்பை, மற்றவர் கடவுச்சொல் கோப்பை. திருத்தும் நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உண்டாக்கியது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்கார்ந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. இரண்டு பேர் ஒரே பெயரைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். இந்தப் பெயர் மோதலை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்கக் கூடாது என்பது அந்தக் காலத்திலேயே புரியத் தொடங்கிவிட்டது. 1979இல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கடவுச்சொற்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் 'உப்பு' என்ற ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்து, திரும்பப் பெற முடியாதபடி அரைத்து வைக்கும் முறையை அது விளக்கியது. 1999இல் நீல்ஸ் ப்ரோவோஸ், டேவிட் மாஸியர்ஸ் இருவரும் பீகிரிப்ட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். கணினிகள் வேகமாக ஆக ஆக, அரைக்கும் வேலையையும் கடினமாக்கிக்கொண்டே போக அதில் வழி உண்டு. இன்றும் நிறைய இடங்களில் அதுதான் ஓடுகிறது. ஆகவே ஒழுங்காக நடக்கும் எந்தத் தளத்திலும், உறுப்பினரின் கடவுச்சொல் என்னவென்று நிர்வாகிக்கே தெரியாது. தெரியவும் கூடாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தனிப் பதிவு வேண்டாம் என்று ஒருவழியாக ஒத்துக்கொள்ளும் நிர்வாகிகள் அடுத்துக் கேட்பது இதைத்தான்: "சரி, பழைய உறுப்பினர் பட்டியலை அப்படியே நகல் எடுத்துப் புதியதில் போட்டுவிடலாமே?" போடலாம். ஆனால் பட்டியலில் இருப்பது அரைத்த மாவு. ஒவ்வொரு மென்பொருளும் வேறு வேறு உரலில் அரைக்கிறது. தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். வெகுகாலம் எம்டி5 என்ற கணக்கின் அடிப்படையிலான ஒரு பழைய அரைக்கும் முறையை வைத்திருந்தது. 2025இல் வந்த 6.8 பதிப்பில்தான் பீகிரிப்டுக்கு மாறியது. ஒன்றின் முறை மற்றொன்றுக்குப் புரியாவிட்டால், நகல் எடுத்த பட்டியலால் ஒருவரும் உள்ளே நுழைய முடியாது. புரிகிற மாதிரி செய்தாலும், நகல் எடுத்த அந்த நிமிடத்திலிருந்தே இரண்டு பட்டியல்களும் தனித்தனி வழியில் போகத் தொடங்கிவிடும். ஒருவர் இங்கே கடவுச்சொல்லை மாற்றுவார். அங்கே பழையதே இருக்கும். இங்கே ஒருவரை நீக்கியிருப்பார்கள். அங்கே அவர் சௌகரியமாக எழுதிக்கொண்டிருப்பார். இரவுதோறும் பட்டியலைச் சரிபார்க்கும் நிரல் ஒன்றை ஓட்டுகிறோம் என்பவர்களும் உண்டு. கடவுச்சொல் திருடு போய்விட்டது என்று பயந்து மதியம் மாற்றியவர் இரவு வரை காத்திருக்க வேண்டுமா?

இன்னொரு வழி, பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கருத்துக்களத்தின் லாகின் பக்கத்தில், முக்கியத் தளத்தின் கடவுச்சொல்லைக் கேட்பது. வாங்கியதைப் பின்புறமாகத் தளத்துக்கு அனுப்பிச் சரிபார்ப்பது. வேலை செய்யும். ஆனால் அந்தக் கடவுச்சொல் இன்னொரு மென்பொருளின் கைவழியாகப் போகிறது. அந்த மென்பொருளில் ஓட்டை இருந்தால், அடிக்கும்போதே எடுத்துக்கொள்ளலாம். அதோடு, ஒரு தளத்தின் கடவுச்சொல்லை இன்னொரு பக்கத்தில் அடிப்பது சரி என்று நாமே மக்களைப் பழக்குகிறோம். ஏமாற்றுப் பக்கம் நடத்துகிறவனும் அதே பழக்கத்தைத்தான் நம்பி இருக்கிறான். இந்த வழியை நான் எந்தத் தளத்துக்கும் பரிந்துரைப்பதில்லை.

அப்புறம் குக்கீ. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி உண்டாக்கிய சின்னக் குறிப்பு அது. நீங்கள் லாகின் செய்ததை அடுத்த பக்கத்திலும் தளம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அதனால்தான். இரண்டு மென்பொருளும் ஒரே டொமைனில், அதாவது ஒரே இணைய முகவரிப் பெயரில், இருந்தால் குக்கீயைப் பகிர்ந்துகொண்டால் போதுமே என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கேதான் அந்தப் பெயர் மோதல் வருகிறது. பிஎச்பி மொழியில் எழுதிய மென்பொருள், பெயரை மாற்றாவிட்டால், தன் செஷன் குக்கீக்கு, அதாவது நடப்பு அமர்வை அடையாளம் காட்டும் குக்கீக்கு, 'பிஎச்பிசெஸ்ஐடி' என்றே பெயர் வைக்கும். ஒரே டொமைனில் அப்படி இரண்டு மென்பொருள் இருந்தால், பின்னால் எழுதுகிறது முன்னால் எழுதியதை அழித்துவிடும். உறுப்பினர் பாடம் பார்த்துக்கொண்டிருப்பார், கருத்துக்களத்தைத் திறப்பார், திரும்பி வந்தால் பாடத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டிருப்பார். காரணம் கண்டுபிடிக்க முடியாமல் நிர்வாகிகள் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உலாவியின் குக்கீ பட்டியலைத் திறந்து பார்த்தால் விஷயம் அங்கேயே தெரியும்: பெயர் ஒன்று, ஒவ்வொரு கிளிக்குக்கும் மதிப்பு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

பெயரை மாற்றி இதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் முக்கிய டொமைனுக்கு மொத்தமாகக் குக்கீ வைத்தால், அதன் கீழே இருக்கும் எல்லாக் கிளை முகவரிகளுக்கும் அது போகும். பக்கத்து மென்பொருள் உடைந்தால் முக்கியத் தளத்தின் சாவியும் சேர்ந்தே போய்விடும். வேறு டொமைனில் கருத்துக்களத்தை வைத்து, அதைத் தளத்தின் பக்கத்துக்குள் ஒரு பெட்டியாகக் காட்டுவது என்றால் அதுவும் இப்போது எல்லா உலாவியிலும் நடக்காது. 2020இலிருந்து சஃபாரி உலாவி மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது பக்கத்துக்குள் காட்டப்படும் வேறு டொமைனின் குக்கீகளை, முழுக்கத் தடுக்கிறது. அதே ஆண்டு குரோமும், தளம் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், பிற தளத்துக்குள் குக்கீ போகாதபடி செய்துவிட்டது. விளைவு, லாகின் செய், திரும்பி வா, மறுபடி லாகின் செய் என்று உறுப்பினர் சுற்றிக்கொண்டே இருப்பார்.

சரியான வழி புதிதும் இல்லை, ரகசியமும் இல்லை. எம்ஐடியிலேயே 1980களில் அதீனா என்ற திட்டத்தில் கெர்பரோஸ் என்ற முறை வந்தது: கடவுச்சொல்லை ஓரிடத்தில் மட்டும் சரிபார், மற்ற இடங்களுக்கு ஒரு சீட்டைக் கொடுத்தனுப்பு. லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக், 2005இல், ஒருவர் தன் கணக்கைக் கொண்டே வேறொரு தளத்தில் கருத்து எழுத வேண்டும் என்பதற்காக ஓப்பன்ஐடியைக் கொண்டுவந்தார். நாம் பேசிக்கொண்டிருக்கும் பிரச்சினையேதான் அது. அதே ஆண்டு, அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் இன்று வெகுவாகப் பயன்படுத்தும் சாம்ல் 2.0 என்ற பொது லாகின் விதிமுறை வந்தது. 2012இல் ஓஆத் 2.0 என்ற அனுமதி விதிமுறை, அதன்மேல் 2014இல் ஓப்பன்ஐடி கனெக்ட் என்ற லாகின் விதிமுறை. பாடம் நடத்த உதவும் மூடில், கருத்துக்களம் நடத்தும் டிஸ்கோர்ஸ், பிஎச்பிபிபி என்று பெயர் தெரிந்த மென்பொருள்கள் எல்லாவற்றிலும் வெளி லாகினை ஏற்கும் வசதி ஏதோ ஒரு வடிவில் உண்டு. அதை இயக்காமல் விட்டுவிட்டுத் தனிப் பதிவு வைக்கிறார்கள்.

டிஸ்கோர்ஸில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எவ்வளவு சின்ன வேலை, எவ்வளவு கவனமாகச் செய்த வேலை என்று அதைப் பார்த்தால் தெரியும். தளத்துக்கும் டிஸ்கோர்ஸுக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லை முதலில் இரண்டிலும் பதித்துவிட வேண்டும். உறுப்பினர் கருத்துக்களத்தில் 'லாகின்' என்பதை அழுத்துகிறார். டிஸ்கோர்ஸ் அவரிடம் கடவுச்சொல் கேட்பதில்லை. ஒருமுறை மட்டும் செல்லும் ஓர் எண்ணை உண்டாக்கி, அதன்மேல் அந்த ரகசியச் சொல்லால் கையொப்பம் போட்டு, உறுப்பினரையும் எண்ணையும் முக்கியத் தளத்துக்கு அனுப்புகிறது. கையொப்பத்துக்கு எச்மேக் முறை, எஸ்எச்ஏ-256 கணக்கு (இரண்டும் கையொப்பத்தை உண்டாக்கும் கணித வழிகள்). தளம் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. உறுப்பினர் ஏற்கெனவே லாகின் செய்திருந்தால் கேள்வியே இல்லை. இல்லாவிட்டால் தன் வழக்கமான லாகின் பக்கத்தைக் காட்டுகிறது. பிறகு அதே எண், அவருடைய உறுப்பினர் எண், மின்னஞ்சல், பெயர் எல்லாவற்றையும் சேர்த்து, மறுபடி கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. அந்த ஒருமுறை எண் தான் கொடுத்ததுதானா, 10 நிமிடத்துக்குள் வந்ததா, முன்பே செலவானதா என்றெல்லாம் டிஸ்கோர்ஸ் பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால் உள்ளே விடும். நடுவில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. இத்தனையும் ஓரிரு நொடியில் முடிந்துவிடும். லாகின் செய்திருந்த உறுப்பினருக்குத் தெரிவதெல்லாம், பொத்தானை அழுத்தினோம், நம் பெயரோடு உள்ளே வந்துவிட்டோம் என்பதுதான். கடவுச்சொல் எங்கேயும் போகவில்லை.

முக்கியத் தளத்தின் பக்கம் இதற்கு எழுத வேண்டிய நிரல் ஒரு திரைக்குள் அடங்கிவிடும். "எங்களுக்கு நேரம் இல்லை" என்று நிர்வாகிகள் சொல்லும்போது எனக்கு வருத்தம் வருவது இதனால்தான். கடவுச்சொல் புகார்களுக்குப் பதில் எழுத அவர்களிடம் நேரம் இருக்கிறது.

ஆனால் இணைப்பை அவசரத்தில் செய்தால் தனிப் பதிவைவிட ஆபத்தாகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் மின்னஞ்சல். பல தளங்கள், பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல் உண்மையில் அவருடையதுதானா என்று சரிபார்ப்பதே இல்லை. அப்படிப்பட்ட தளத்தில் நான் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கிவிடலாம். கருத்துக்களத்தில் உங்களுக்குப் பழைய கணக்கு இருந்து, இணைப்பு மின்னஞ்சலை மட்டும் வைத்து ஆளை அடையாளம் கண்டால், உங்கள் கணக்கு என் கைக்கு வந்துவிடும். டிஸ்கோர்ஸில் இதற்கென்றே, 'இந்த மின்னஞ்சல் சரிபார்க்கப்படவில்லை, நீயே சரிபார்த்துக்கொள்' என்று சொல்லும் ஒரு குறிப்பு உண்டு. தளம் சரிபார்க்காவிட்டால் அதைக் கட்டாயம் அனுப்ப வேண்டும். கருத்துக்களத்தின் நிர்வாகியுடைய மின்னஞ்சலைக் கொடுத்து ஒருவர் நுழைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மொத்தக் களமும் அவர் கையில்.

மின்னஞ்சல் மாறவும் செய்யும். வேலை மாறினால், கல்லூரி முடிந்தால் பழைய முகவரி போய்விடும். ஆகவே இரண்டு கணக்குகளையும் கட்டிவைக்கும் முடிச்சு ஒருபோதும் மாறாத ஒன்றாக இருக்க வேண்டும்: தளம் தன் உறுப்பினருக்குக் கொடுத்த உள் எண். ஓப்பன்ஐடி கனெக்ட் விதிகளிலும் இது தெளிவாக இருக்கிறது. அடையாளம் என்றால் வழங்குநர் தரும் அந்த எண்ணையும் வழங்குநரையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். மின்னஞ்சலையோ பெயரையோ நம்பக் கூடாது.

பெயர் விஷயத்தில் தமிழ் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பொதுவாக எந்தக் கையேட்டிலும் இதைப் பார்க்க முடியாது. 'கோமதி' என்று ஒருவர் பயனர்பெயர் வைத்திருக்கிறார். அந்தக் 'கோ'வில் வரும் ஓகாரக் குறியை, எழுத்துகளுக்குக் கணினி பயன்படுத்தும் யூனிகோடு குறிமுறையில், ஒரே குறியாகவும் சேமிக்கலாம். முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. ஒரு மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து சேமித்து, மற்றொன்று வந்ததை வந்தபடியே வைத்தால், கோமதியின் கணக்கைத் தேடினால் கிடைக்காது. அல்லது கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாத இரண்டு கோமதிகள் ஒரே களத்தில் உலவுவார்கள். அந்த ஆசிரியைக்கு நடந்தது இவருக்கும் நடக்கலாம். இதற்குத் தீர்வு இருக்கிறது. என்எஃப்சி என்ற பொது வடிவுக்கு மாற்றிவிட்டு, அதற்கப்புறம் ஒப்பிட்டால் போதும். நிரல் எழுதுகிறவர் இதை நினைவில் வைத்துக் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடியும் வேலை. இன்னொன்றும் உண்டு: டிஸ்கோர்ஸில் பயனர்பெயர் தமிழில் இருக்க வேண்டுமென்றால் அதற்கான அமைப்பை நிர்வாகி தனியாக இயக்க வேண்டும். இயக்காவிட்டால், வருடக்கணக்காக எல்லோருக்கும் தெரிந்த தமிழ்ப் பெயர் போய், மென்பொருளே ஏதோ ஒரு பெயரை வைத்துவிடும். தன் பெயரில் எழுத முடியாத இடத்தில் யார் வந்து எழுதுவார்கள்?

உள்ளே வருவதைப் பற்றியே எல்லோரும் யோசிக்கிறார்கள். வெளியே போவதைப் பற்றி யோசிப்பவர் குறைவு. ஒருவர் பலர் பயன்படுத்தும் கணினியில் உட்கார்ந்து தளத்தில் வேலையை முடிக்கிறார். 'வெளியேறு' என்பதை அழுத்துகிறார். தளத்திலிருந்து வெளியேறிவிட்டார். கருத்துக்களத்தின் செஷன் அப்படியே உயிரோடு இருக்கிறது. அடுத்து வந்து உட்காருகிறவர் அவருடைய தனிச்செய்திகளைப் படிக்கலாம், அவர் பெயரில் எழுதலாம். லாகின் ஒன்று என்று உறுப்பினரிடம் சொல்லிவிட்டால், வெளியேறுவதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் அழுத்தினால் இரண்டு இடத்திலும் செஷன் முடிய வேண்டும். தொல்லை கொடுத்ததற்காகத் தளத்தில் ஒருவரைத் தடை செய்தாலும் இதே கதைதான். தடை, அவர் அடுத்த முறை லாகின் செய்யும்போதுதான் கருத்துக்களத்துக்குத் தெரியவரும் என்றால், அதுவரை அவர் அங்கே தொல்லை கொடுத்துக்கொண்டே இருப்பார். தடை செய்த நொடியே தளம் மற்ற மென்பொருளுக்கும் சொல்ல வேண்டும். கணக்கை நீக்கச் சொல்லிக் கேட்டவர் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். நீக்கிவிட்டோம் என்று அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அவர் பெயரும் முகவரியும் பக்கத்துச் சர்வரில் கிடக்க விடுவது பொய் சொல்வதற்குச் சமம்.

சர்வர்களின் கடிகாரம் பற்றி ஒரு வார்த்தை. கையொப்பமிட்ட சீட்டுகளுக்குக் காலக்கெடு உண்டு என்பதால், இரண்டு சர்வர்களின் நேரம் விலகிப் போனால் நல்ல சீட்டும் செல்லாததாகிவிடும். கெர்பரோஸ் பொதுவாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் சேவை இரண்டிலும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டால் போதும். முக்கியத் தளம் விழுந்து கிடக்கும் நாளில் கருத்துக்களத்துக்குள் நிர்வாகி நுழைய ஒரு தனி வழியும் வைத்துக்கொள்ள வேண்டும்.

"கூகுள் லாகின் பொத்தான் வைத்துவிட்டோமே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்தப் பொத்தான் நல்லதுதான். ஆனால் தளத்தில் இருக்கும் கணக்கோடு அதைக் கட்டாவிட்டால், ஏற்கெனவே இரண்டு கணக்கு வைத்திருந்தவருக்கு அது மூன்றாவது. பணம் கட்டிப் பாடம் வாங்கியவர், தெரியாமல் அந்தப் பொத்தானை அழுத்தி உள்ளே போய், வாங்கிய பாடம் ஒன்றும் இல்லாத வெற்றுக் கணக்கைப் பார்த்துப் பதறுவது எனக்கு வரும் புகார்களில் அடிக்கடி வருவது. தளத்துக்கும் அதன் உறுப்பினருக்கும் ஏற்கெனவே இருக்கும் உறவை வெளி நிறுவனம் ஒன்றின் பொத்தானால் ஈடுசெய்ய முடியாது.

இதையெல்லாம் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் விஷயம் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். ஒரு தளத்தின் உறுப்பினர் யாராக இருந்தாலும், அதில் புதிய பகுதி ஒன்று திறக்கும்போது சில கேள்விகளைக் கேட்கலாம். என் பழைய கணக்கே இங்கே செல்லுமா? என் கடவுச்சொல்லை இந்தப் பக்கம் வாங்குகிறதா, அல்லது பழைய லாகின் பக்கத்துக்கே என்னை அனுப்புகிறதா? இங்கே வெளியேறினால் அங்கேயும் வெளியேறிவிடுவேனா? கணக்கை நீக்கச் சொன்னால் இரண்டிலும் நீங்குமா? கேட்பவர்கள் கூடினால் நிர்வாகிகள் செய்வார்கள். என்னிடம் வந்த தளங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் வந்தன. உறுப்பினர்கள் விடாமல் கேட்டதால் வந்தன.

புதிய மென்பொருள் வாங்க ஒப்பந்தம் போடுகிற பள்ளி, கல்லூரி, சங்கம், அலுவலகம் எதுவாக இருந்தாலும், 'இருக்கும் லாகினோடு இணைத்துத் தர வேண்டும். வெளியேறுதல், தடை, நீக்கம் மூன்றும் அதில் அடங்கும்' என்ற வரியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் அது தனிச் செலவாகிவிடும், பிறகு நடக்காமலே போய்விடும்.

கடவுச்சொல் பற்றி அடுத்த முறை குறிப்பு வெளியிடும்போது, வாசகருக்குச் சொல்லும் அறிவுரைக்குப் பக்கத்திலேயே தளம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத ஆள் இல்லை என்றால் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
இணையதள நிரலாளர்